மேய்ச்சல்காரர் நேரம்

மருத்துவர் கேட்டது சின்னக் கேள்விதான். "இதே தொக்கு வேற யார் வீட்டுல இருக்கு?"

புருல்கான் விரல் விட்டு எண்ணினாள். கோடை முடியும்போது பதினோரு கண்ணாடிப் புட்டிகளில் கத்திரிக்காய்த் தொக்கு போட்டு மூடியிருந்தாள். இலை உதிரும் காலத்தில் இரண்டு தீர்ந்தன. ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் மெதெர் அடுப்புப் புகைக்குழாயைச் சரிசெய்ய வந்தபோது ஒன்றைத் திறந்தாள். நிலவறையில் இன்னும் இரண்டு. ஆறாவது விரலை மடக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். மிச்சம் ஆறும் மலைமேல் இருந்தன. கணவாய் மூடுவதற்கு முன்னால் தன் கையாலேயே கம்பளித் துணியில் சுற்றி, மாவு மூட்டைகளுக்கு நடுவில் சொருகிப் புருஷனோடு அனுப்பிவைத்திருந்தாள்.

"எம் புருஷன்கிட்ட" என்றாள். "ஆறு பாட்டில்."

"போன் போடுங்க. தொடவே கூடாதுன்னு சொல்லுங்க."

"அங்க போன் எடுக்காதுங்க. குளிர்காலப் பட்டி. ஆடும் குதிரையும் அவரும் ஒரு நாயும்தான்."

மருத்துவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மெதெர் கிடந்தான். திங்கட்கிழமை ராத்திரி அவனுக்கு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. பொண்டாட்டி நூர்ஜமாலைப் பார்த்து, "ஒன்னையே சமாளிக்க முடியல, இதுல ரெண்டு பேரா?" என்று சிரித்தானாம். செவ்வாய்க்கிழமை தண்ணீர் விழுங்க முடியவில்லை. இன்று புதன். இமைகள் தொங்கிப் போய், மூச்சை இயந்திரம் விட்டுக்கொண்டிருந்தது. முறிவு மருந்து தலைநகரிலிருந்து கிளம்பிவிட்டது. வழியில் பனிச்சரிவு.

"மூடி உப்பவே இல்லைங்களே" என்றாள் புருல்கான். "வாடையும் இல்ல. பொம்பளைக்குத் தெரியாதா கெட்டுப்போனது?"

"இதுக்கு வாடையும் கிடையாது, ருசியும் கிடையாதும்மா. நம்ம ஊரு உசரத்துல தண்ணி சீக்கிரமே கொதிச்சிரும். அந்தச் சூட்டுல இந்தக் கிருமி சாகாது. எல்லாப் பாட்டில்லயும் இருக்கும்னு இல்ல. எதுல இருக்குன்னு யாருக்கும் தெரியாது."

அவர் எல்லைக்காவல் முகாமுக்குப் பேசிப் பார்த்தார். அங்கிருந்து பட்டிக்கு ஐம்பது கிலோமீட்டர். காற்று அடங்காமல் குதிரையை வெளியே எடுக்க முடியாது என்றார்கள். இன்றைக்கு இல்லை, நாளைக்கும் சந்தேகம்.

பட்டியில் அவள் புருஷன் ஷர்ஷேனிடம் ஒரு ரேடியோ இருந்தது. அதைத் தவிர வெளியுலகத்துக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

புருல்கான் முக்காட்டை இறுக்கிக்கொண்டு ஓடினாள். தெருவெல்லாம் கண்ணாடி மாதிரிப் பனிக்கட்டி. இரண்டு இடத்தில் விழுந்தாள். நரின் ஆற்றுப் பாலத்தில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபோது கையுறை அதிலேயே ஒட்டிக்கொண்டது. அதை விட்டுவிட்டு ஓடினாள்.

மாகாண வானொலி நிலையம் என்பது பழைய அலுவலகம் ஒன்றின் மேல்மாடியில் மூன்று அறை. காலை ஏழிலிருந்து மாலை ஆறு வரை பேச்சு, பேச்சு, பேச்சுதான். ஆறு மணிக்குத் தலைநகர் நிலையம் அலைவரிசையை எடுத்துக்கொள்ளும். அவள் உள்ளே நுழைந்தபோது ஒலிபெருக்கியில் கால்நடை மருத்துவர் ஒருவர் ஈன்ற ஆட்டுக்கு வெந்நீர் கொடுப்பதைப் பற்றிச் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தார். காது மூடிய குல்லாவோடு இயந்திரத்துக்கு முன் உட்கார்ந்திருந்த ஜுமகாஸி நிமிர்ந்து பார்த்தார்.

"சொந்தச் சேதியெல்லாம் சொல்றதில்ல தாயி. முந்தாநாள் ஒருத்தர் குதிரை காணோம்னு வந்து நின்னாரு. அவருக்கு முன்னாடி ஒருத்தரு, மச்சான் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான், கூப்பிடுங்கன்னு. டைரக்டர் கையெழுத்து வேணும். அவரு தலைநகர்ல கூட்டத்துல இருக்காரு."

"குதிரை இல்லண்ணே. விஷம்."

"விஷமா?"

"நான்தான் கொடுத்தனுப்பினேன்."

ஜுமகாஸி குல்லாவைக் கழற்றினார்.

அதற்குள் ஒலிப்பதிவு அறைக் கதவைத் திறந்துகொண்டு கூலிபா வந்தாள். ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருஷமாக மாகாணம் முழுக்கக் கேட்ட குரல். ஒலிவாங்கிக்கு முன்னால் தேன், வெளியே வந்தால் உப்புத்தாள். புருல்கான் சொன்னதை நின்றபடியே கேட்டாள். குறுக்கே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"எப்ப ரேடியோ கேப்பாரு?"

"காலையில ஏழு மணிக்கு, பனி எப்படின்னு. அப்புறம் ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போயிருவாரு. சாயங்காலம் அஞ்சரைக்கு மேய்ச்சல்காரர் நேரம். அதை விடவே மாட்டாரு. நடுவுல தோணுச்சுன்னா சட்டைக்குள்ள வெச்சுக் கேப்பாரு. பேட்டரி போயிரும்னு பயந்து அணைச்சும் வெச்சிருவாரு."

"ஏழு மணி போச்சு. மத்தியானம் எங்க சாப்பிடுவாரு?"

"மலைச்சரிவுலயே. ரொட்டிக்குத் தொட்டுக்க…"

"அக்கா, டைரக்டரு…" என்று ஜுமகாஸி இழுத்தார்.

"டைரக்டர் வந்து என் சீட்டைக் கிழிக்கட்டும். ரெண்டு வருஷத்துல பென்ஷன். நீ எல்லா நிகழ்ச்சிக்கு நடுவுலயும் இடம் விடு."

பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கூலிபா வாசித்தாள். 'மேல் பள்ளத்தாக்கில் குளிர்காலப் பட்டியில் இருக்கும் மேய்ச்சல்காரர் ஷர்ஷேன் அவர்களின் உடனடிக் கவனத்துக்கு. தங்கள் இல்லத்திலிருந்து எடுத்துச் சென்ற கத்திரிக்காய்த் தொக்கை உண்ண வேண்டாம் என்று மருத்துவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள்.' தேன் மாதிரிதான் இருந்தது. வெளி அறையில் கேட்டுக்கொண்டிருந்த புருல்கான் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இதுக்கு அவரு மசிய மாட்டாரு அக்கா. மருத்துவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள்னா சிரிப்பாரு. கொழுப்பு திங்காதேன்னு டாக்டர் சொன்ன அன்னிக்கு ஆட்டு வாலுக்கொழுப்பா வாங்கிட்டு வந்து தின்ன ஆளு. பதினெட்டு வருஷமா என் தொக்கைத் தின்னுக்கிட்டிருக்காரு. எவனோ எதுக்கோ சொல்றான்னு இன்னும் ரெண்டு கரண்டி போட்டுக்குவாரு."

"அப்ப நீயே பேசு."

"நானா?"

"பொண்டாட்டி குரலை அடையாளம் தெரியாத புருஷன் உண்டா?"

பதினோரு மணிக்குச் சட்ட ஆலோசனை. ஓய்வூதியத் தாள்களைப் பற்றிப் பேச வந்த வக்கீல் தன் நாற்காலியை விட்டு எழுந்து அவளை உட்காரவைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. புருல்கான் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தப் பட்டி என்று சொன்னால்தான் பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரர்களாவது அடையாளம் கண்டு போவார்கள். பட்டிக்கு மாமனார் பெயர். மருமகள் மாமனார் பெயரைச் சொல்லுவது எங்கள் பக்கம் கிடையாது. பதினெட்டு வருஷமாக 'பெரியவர் பட்டி' என்றே சொல்லிவந்தவள்.

கூலிபா மேசைக்கு அடியில் அவள் முழங்காலைக் கிள்ளினாள்.

"அகுன்பாய் பட்டி" என்றாள் புருல்கான். சொன்னதும் முகம் தீயாய்க் காந்தியது. "அகுன்பாய் பட்டியில இருக்கிற ஷர்ஷேனுக்கு. நான்தாங்க பேசுறேன். அந்தத் தொக்கைத் தின்னாதீங்க. ஆறையும் தூரப் போடுங்க. நாய்க்கும் போடாதீங்க. மெதெர் தின்னுட்டு ஆஸ்பத்திரியில கிடக்கான். வேற யாராச்சும் இதைக் கேட்டீங்கன்னா, குதிரை போற தூரத்துல இருந்தீங்கன்னா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அவருகிட்ட போய்ச் சொல்லுங்க." நிலையத்தின் எண்ணையும் தன் கைபேசி எண்ணையும் இரண்டு தடவை சொன்னாள்.

வெளியே வந்ததும் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நிலையத்தின் தொலைபேசி ஓயவில்லை. ஒருத்தி தக்காளி ஊறுகாய் திறக்கலாமா என்று கேட்டாள். இன்னொருத்தி, மூடி போடும்போது காற்று உள்ளே போயிருக்கும், இந்தக் காலத்துப் பெண்களுக்கு எது தெரிகிறது என்று திட்டினாள். ஒரு கிழவர் தொழுகையில் ஷர்ஷேனுக்காகக் கேட்டுக்கொள்வதாகச் சொன்னார். மேல் பள்ளத்தாக்கிலிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. அங்கிருந்து வர வழியும் இல்லை. இது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் மணி அடிக்கும்போதெல்லாம் புருல்கான் எழுந்து நின்றாள்.

மத்தியானம் ஜுமகாஸி தன் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து அவள் முன்னால் வைத்தார். ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும்.

"ரெண்டு வாய் தின்னு தாயி. குரல் வேணும்ல."

அவள் அதில் கை வைக்கவில்லை. இந்நேரம் அவர் காற்று படாத பாறை மறைவாகப் பார்த்து உட்கார்ந்திருப்பார். ரொட்டியைப் பிய்த்திருப்பார். சட்டைக்குள்ளிருந்து எதை எடுப்பார், ரேடியோவையா, புட்டியையா? போன வருஷம் வரை அவளும் கூடவே மேலே இருந்தவள்தான். இந்த வருஷம் மூத்த மகளுக்குக் கடைசி வகுப்பு என்று ஊரில் தங்கினாள். தான் கூட இல்லாத குறையை ஈடுகட்டத்தான் ஆறு புட்டி.

"அன்னிக்குக் கரண்டு போயிருச்சுண்ணே" என்றாள் திடீரென்று. "ஒரு மணி நேரம் பாட்டிலைக் கொதியில வெக்கணும். அரைமணியில நின்னு போச்சு. அடுப்பு மூட்டித் திரும்ப வெச்சிருக்கணும். எரிக்கிற சாண வறட்டி நனைஞ்சு கிடந்துச்சு. போதும்னு எறக்கிட்டேன். போதும்னு நெனச்சேன்."

ஜுமகாஸி எழுந்தார். தேநீரை ஊற்றி, ஊதி ஆற்றி, அவள் கையில் கொடுத்தார்.

இரண்டு மணிக்கு விவாதம். சாவு வீட்டில் குதிரை வெட்டி ஊருக்கே விருந்து போடுவது தேவையா இல்லையா என்று இரண்டு பெரியவர்கள் ஒருவர் தாடியை ஒருவர் பிடிக்காத குறையாகச் சண்டை போட்டார்கள். நடுவில் புருல்கான் பேசி முடித்ததும், குதிரை வேண்டும் என்று வாதாடிய பெரியவர் ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"யப்பா ஷர்ஷேன், பொண்டாட்டி சொல்றதைக் கேளு. நாங்க குதிரை வெட்டலாமா வேண்டாமான்னுதான் அடிச்சுக்கிறோம். உனக்காக வெட்ட வெச்சிராதே."

அடுத்தவர் சிரித்துவிட்டார். பிறகு இருவருமே கொஞ்ச நேரம் பேசவில்லை. வானொலியில் அப்படி ஒரு மௌனம் வரக்கூடாது என்பார்கள். கூலிபா அதை விட்டுவைத்தாள்.

நான்கு மணிக்கு நேயர் கடிதம். கூலிபா கடிதங்களை வாசித்துக்கொண்டிருந்தபோது வெளி அறையில் மணி அடித்தது. ஜுமகாஸிதான் எடுத்தார். கேட்டார். "ம்" என்றார். மறுபடி "ம்" என்றார். தொலைபேசியைக் கீழே வைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

எங்கள் பக்கம் சாவைப் பச்சையாகச் சொல்வதில்லை. சுற்றி வளைத்து, உவமை சொல்லி, கேட்கிறவர் தானாகவே விளங்கிக்கொள்ளும்படி சொல்ல வேண்டும். அதற்கென்று நாவன்மை உள்ள பெரியவர்களைக் கூட்டிப் போவார்கள். ஜுமகாஸிக்கு நாவன்மை கிடையாது. வாயைத் திறந்தார், மூடினார்.

"சொல்ல வேண்டாம்ணே" என்றாள் புருல்கான். "முகம் சொல்லுது."

அவள் அழவில்லை. ஜன்னலுக்கு வெளியே பனி குறுக்காகப் பறந்துகொண்டிருந்தது. மெதெர் புகைக்குழாயைத் தட்டிப் பொருத்திவிட்டுக் கரி அப்பிய கையோடு உட்கார்ந்து, "மதினி, எங்க வீட்டுக்கு ஒரு பாட்டில் கொடுத்தா குறைஞ்சா போயிருவீங்க?" என்று கேட்டது நினைவுக்கு வந்தது. கொடுக்கிறேன் என்றுதான் சொல்லியிருந்தாள். பிள்ளைகள் அன்று வீட்டில் இல்லை; பல் பிடுங்கிய வலியில் அவளும் எதையும் தொடவில்லை.

கடிதம் முடிந்து கூலிபா வெளியே வந்தாள். புருல்கான் எழுந்து நின்றாள்.

"அஞ்சரைக்கு இதைச் சொல்லணும் அக்கா."

"எதை?"

"மெதெர் செத்துட்டான்னு. ஆஸ்பத்திரியில கிடக்கான்னு சொன்னா, வயித்தாலே போயிருக்கும்னு நெனச்சுக்குவாரு. செத்துட்டான்னு சொன்னாத்தான் கை நிக்கும்."

"மலையில ஒத்தையா இருக்கிற மனுஷன்கிட்ட, கூடப்பொறந்த தம்பி சாவை ரேடியோவுலயா?" ஜுமகாஸி பதறிப்போனார். "தாங்கிப் பிடிக்கப் பக்கத்துல ஒரு ஆள் உண்டா? அவரு ஏதாச்சும் பண்ணிக்கிட்டா?"

"சொல்லாட்டியும் சாவுதானேண்ணே."

கூலிபா வெகுநேரம் யோசித்தாள். பிறகு தொலைபேசியை அவளிடம் நீட்டினாள். "மொதல்ல அவன் பொண்டாட்டிகிட்ட கேளு. அந்தச் சாவு அவளோடது. நீயோ நானோ எடுத்து விளம்ப முடியாது."

நூர்ஜமால் உடனே எடுத்தாள். பின்னால் யாரோ ஒப்பாரி வைக்கும் சத்தம். புருல்கான் கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"நாள் பூரா உங்க குரல்தான் கேட்டுச்சு" என்றாள் நூர்ஜமால். "ஆஸ்பத்திரி நடையில ரேடியோ வெச்சிருக்காங்க. இங்க இவரு மூச்சு நிக்குது, நீங்க அங்க உங்க புருஷனுக்குக் கத்திக்கிட்டிருக்கீங்க."

"ஆமா நூர்ஜமால்."

"எம் புருஷனுக்கு ஒருத்தி கத்தலையே அக்கா. யாரும் சொல்லலையே."

புருல்கான் நெற்றியைச் சுவரில் முட்டிக்கொண்டாள்.

"சொல்லுங்க" என்றாள் நூர்ஜமால். "செத்துட்டாருன்னு மட்டும் சொல்லாதீங்க. யாரு கையால செத்தாருன்னும் சொல்லுங்க. ஊரு பூரா கேக்கட்டும். அப்பத்தான் மூத்தாரும் நம்புவாரு."

தொடர்பு அறுந்தது.

ஐந்தரை மணிக்கு மேய்ச்சல்காரர் நேரம் ஆரம்பித்தது. காற்றின் வேகம், குளிர், எந்தக் கணவாய் மூடியிருக்கிறது என்று கூலிபா வாசித்தாள். தேன் கொஞ்சம் கெட்டுப்போயிருந்தது. பிறகு சொன்னாள்: "ஷர்ஷேன் தம்பி, உட்காந்துக்கிட்டுக் கேளுங்க. நின்னுக்கிட்டு இருந்தா உட்காருங்க. உங்க வீட்டுக்காரி பேசுவாங்க."

புருல்கான் ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கையுறை போன கை வீங்கிச் சிவந்திருந்தது.

"நான்தாங்க. சுத்தி வளைச்சுச் சொல்ல எனக்கு நேரமும் இல்ல, தெம்பும் இல்ல. மெதெர் இறந்துட்டான். இன்னிக்கு நாலு மணிக்கு. ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுல என் தொக்கைத் தின்னான். நான் சரியாக் கொதிக்க வெக்கல. என் கையாலதான் போட்டேன், என் கையாலதான் அவனுக்கு வெச்சேன். உங்க தம்பியைக் கொன்னது நான்தான். உங்ககிட்டயும் அதான் இருக்கு. என்னை நீங்க என்ன வேணா பண்ணுங்க, வீட்டை விட்டு அனுப்புங்க. ஆனா அதைத் தின்னாதீங்க. தின்னுட்டிருந்தீங்கன்னா, கண்ணு ரெண்டாத் தெரிஞ்சா, குதிரை ஏறி முகாமுக்குக் கிளம்பிருங்க. பனியைப் பாக்காதீங்க. ஷர்ஷேன், கேக்குதா? கேக்குதா உங்களுக்கு?"

பதில் வராத இடத்தில் கேட்டுவிட்டு, பதிலுக்காக அவள் காத்திருந்தாள். கூலிபா மெல்ல அவள் விரல்களைப் பிரித்து எடுத்தாள். ஆறு மணிக்குத் தலைநகர் வந்துவிட்டது.

மூன்றாம் நாள் மெதெரைப் புதைத்தார்கள். அவன் வீட்டு முற்றத்தில் கம்பளிக் கூடாரம் போட்டு உடலை வைத்திருந்தார்கள். கூடாரத்துக்கு வெளியே அவன் உறவுக்காரர்கள் இடுப்பில் துண்டைக் கட்டி, கம்பை ஊன்றிக் குனிந்து நின்று, துக்கம் கேட்க வருகிறவர்களைக் கண்டதும் குரலெடுத்து அழுதார்கள். மூத்தவன் நிற்க வேண்டிய முதல் இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். உள்ளே பெண்கள் சுவர்ப்பக்கம் திரும்பி, ஒருத்தி இடுப்பை ஒருத்தி பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். புருல்கான் கடைசியில் உட்கார்ந்திருந்தாள். அவள் இடுப்பை யாரும் பிடிக்கவில்லை. சமையல் பக்கம் போனால் கையிலிருக்கும் கரண்டியை யாராவது வந்து வாங்கிக்கொண்டார்கள். வார்த்தையில் ஒன்றும் சொல்லவில்லை. ரேடியோவில் அவளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளே.

காற்று அடங்க ஏழு நாள் ஆனது. அந்த ஏழு நாளும் தினம் காலை ஏழுக்கும் மாலை ஐந்தரைக்கும் கூலிபா அந்தச் செய்தியை வாசித்தாள். முகாமிலிருந்து இரண்டு பேர் குதிரையில் கிளம்பினார்கள். ஒன்பதாம் நாள் நடுப்பகலில் புருல்கானின் கைபேசி அடித்தது. நூர்ஜமால் வீட்டு வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள் அவள். விறகை மட்டும் யாரும் அவள் கையிலிருந்து வாங்கவில்லை.

முகாம் அதிகாரி பேசினார். "உசுரோட இருக்காரும்மா."

அவள் விறகுக் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"தூரத்துலருந்தே தெரிஞ்சுது. பட்டி வாசல்ல ஒரு ஆளு, இடுப்புல கயித்தைக் கட்டிக்கிட்டு, கம்பை ஊனி நிக்கிறாரு. நாங்க கிட்ட வர வர, 'தம்பியே, என் ஈரக்குலையே'ன்னு குரலெடுத்தாரு பாருங்க, குதிரை மிரண்டு போச்சு. இத்தனை நாளா துக்கம் கேக்க ஒரு ஆளு வரலையே. எங்களைக் கண்டதும் மொத்தமா வந்திருச்சு. நாங்களும் எறங்கி, கூட நின்னு அழுதோம். அப்புறம்தான் உள்ளயே போனோம்."

"எப்பக் கேட்டாராம்?"

"அஞ்சரைக்குக் கேட்டாராம். அதுக்கு முன்னாடி போட்டது எதையும் கேக்கல. பேட்டரியை மிச்சம் பிடிச்சுக்கிட்டு இருந்திருக்காரு. ரொட்டியும் பாட்டிலும் முன்னால வெச்சு, தேநீர் கொதிக்கட்டும்னு உட்காந்திருந்தாராம்."

"அந்தப் பாட்டிலு…"

"திறக்கல. நாலையும் பாறையில அடிச்சு மண்ணைப் போட்டு மூடிட்டாரு."

"ஆறுங்க."

"ரெண்டு முன்னாடியே தின்னுட்டாராம், போன மாசம். ஒண்ணும் பண்ணலையாம்."

புருல்கான் கைபேசியை மறு காதுக்கு மாற்றினாள். "எனக்கு ஏதாச்சும் சொல்லிவிட்டாரா?"

"கேட்டேன் தாயி. கிளம்புறப்ப, வீட்டுக்கு என்ன சொல்லணும்னு கேட்டேன். ஆட்டைத் தொறந்து விடணும்னு போயிட்டாரு. வேற ஒண்ணும் சொல்லல."

வீட்டுக்குள் நூர்ஜமால் தனியாக உட்கார்ந்து மாவைத் தேய்த்துக் கத்தியால் நீளநீளமாக நறுக்கிக்கொண்டிருந்தாள். புருல்கான் நிலைப்படியில் நின்றாள்.

"உங்க மூத்தாரு இருக்காரு" என்றாள்.

கத்தி நின்றது. நூர்ஜமால் தலையைத் தூக்கவில்லை. "தின்னலையா?"

மறைத்திருக்கலாம். மறைக்க அவளிடம் ஒன்றும் மிச்சம் இல்லை. "முன்னாடியே ரெண்டு பாட்டில் தின்னிருக்காரு. ஒண்ணும் ஆகல."

"ரெண்டு பாட்டில்" என்றாள் நூர்ஜமால். "ரெண்டு முழுப் பாட்டில்." மாவு அப்பிய கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இவரு எவ்வளவு தின்னாரு அக்கா?"

"நாலு வாய் இருக்கும்."

"நாலு வாய்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். சுவர்ப்பக்கம் திரும்பினாள். தோள் குலுங்கியது. முதலில் சத்தமே இல்லை. பிறகு, இந்த ஒன்பது நாளில் ஊர்ப்பெண்கள் நடுவில் முறையாக வைத்த ஒப்பாரி போல இல்லாமல், பாட்டும் சொல்லும் எதுவும் இல்லாமல், வெறும் குரலாக வந்தது.

புருல்கான் நிலைப்படியிலேயே நின்றாள். போகவும் முடியவில்லை, வரவும் முடியவில்லை. அப்புறம் உள்ளே வந்து, அவளுக்கு ஒரு முழம் தள்ளி, அதே சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். கையை நீட்டி அவள் இடுப்பில் வைத்தாள்.

நூர்ஜமால் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. பிடித்துக்கொள்ளவும் இல்லை.